பெரட்டுக்கு வராத பிள்ளை

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று இரண்டு முறை ஹாரன் அடிக்கும். அதற்குள் அம்மாக்காரி வாசல் இறங்கியிருப்பாள். போகும்போது மகளிடம் எதுவும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டுதான் போனாள்: குளி, பல்லு விளக்கு, பாட்டி பேச்சைக் கேளு, வேனுக்கு லேட் பண்ணாதே. இந்த நான்கையும் சொன்ன காலைகளில் நான்கில் ஒன்றும் நடக்காது. வீட்டில் ஏதாவது ஒரு சாமான் மட்டும் உடைந்திருக்கும். இப்போது, மீன்கார மோட்டார் இன்றைக்கு வருமா என்று தன் தாயிடம் பொதுவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

ஈப்போவின் புந்தோங் இது. கச்சாங் பூத்தே போடுகிற வீடுகளில் விடிவதற்குள் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். முறுக்கும் ஓமப்பொடியும் வேகிற எண்ணெய் வாசம் கொடியில் காயும் சட்டை வரைக்கும் ஏறும். வரிசை வீடுகள், ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்காமல் இருக்க வழியில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வழி உண்டு.

கறுப்புச் சப்பாத்து கூடத்தில், கதவுக்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறது. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்ற பேச்சே இல்லை. பாட்டி சம்மணம் போட்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பேத்தி மேசைக்கு அடியில். பதினொரு வயது, ஐந்தாம் ஆண்டு. நீலச் சீருடை எப்படியோ உடம்பில் ஏறிவிட்டது. அது நேற்று இரவே ஏறியது என்பது இந்த வரிசைக்கே தெரியும்; போட்டுக்கொண்டுதான் தூங்கினாள்.

"நான் பூனை" என்கிறது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "பூனைக்கு ஸ்கூல் இல்ல."

பாட்டி மறுக்கவில்லை. "இந்த வீட்ல பூன இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. நெத்திலிய மூடி வைக்கணும்லா."

ஒரு கை வெளியே வந்து நெத்திலித் தலை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறது. பாட்டி பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. சற்று நேரம் கழித்து சப்பாத்தை இழுத்து மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடிக்கிறாள். "இதுல எது எடது, எது வலது? கண்ணாடி போட்டும் ஒண்ணும் புரிய மாட்டேங்குது." பூனை ஊர்ந்து வெளியே வருகிறது. இதுகூடவா தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு காலை நுழைத்துக் காட்டுகிறது. ஒரு கால் ஆயிற்று. இரண்டாவது காலுக்குள் பள்ளி வேன் வந்து, நின்று, போய்விடுகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மணிக்கு மேல் ஒரு தெரிந்த டாக்சிக்காரர் வருவார்; அவரும் "ஏறு" என்று சொல்லாத ஆள். பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார்.

பாட்டி செய்வது ஏமாற்று வேலை என்று இந்தத் தெருவிலேயே சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டிக்கு எது இடது என்று தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் அந்த வழியாகத்தான் கூடத்தின் நடுவே வந்து சேர்கிறார்கள்.

டாக்டர் கொடுத்த தாளில் ஆட்டிசம் என்று இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்குச் சமூகநலத் துறை கொடுக்கிற ஓகேயூ அட்டையில் இவள் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் பிரிவில் வருகிறாள். இரண்டும் சரிதான், ஆனால் இந்தக் காலை நேரத்தைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை. அதை எழுத முயன்றவர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியல் பேராசிரியர் எலிசபெத் நியூசன். அவரிடம் அனுப்பப்பட்ட பிள்ளைகளில் சிலர் ஆட்டிசத்தின் பழைய சட்டத்துக்குள் அடங்கவில்லை. வாய் சரளமாகப் பேசியது, முகம் பார்த்துச் சிரித்தது, கற்பனை கட்டுக்கடங்காமல் ஓடியது. ஆனால் சட்டை போடுவது, சாப்பிட உட்காருவது போன்ற அன்றாடத்தின் சாதாரணக் காரியங்களைக்கூட, யாராவது எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்த மாத்திரத்தில் அவர்களால் செய்ய முடியவில்லை. 1980களில் அவர் இதற்குத் தனிப் பெயர் வைத்தார். 2003இல் 150 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆட்டிசம் என்றாலே பையன்கள் என்று எண்ணியிருந்த காலத்தில், இந்தக் கூட்டத்தில் பெண் பிள்ளைகள் ஏறக்குறையச் சரிபாதி இருந்தார்கள். தப்பிக்க அவர்கள் பிடிக்கும் வழிகளையும் நியூசன் எழுதிவைத்தார்: பேச்சை மாற்றுவது, சாக்குச் சொல்வது, கால் வேலை செய்யவில்லை என்பது, வேறு ஓர் ஆளாகவோ பிராணியாகவோ மாறிவிடுவது. எதுவும் எடுபடாதபோது அலறலும் உதையும். அது அடம் அல்ல, பீதி என்று அவர் பார்த்தார்.

கட்டளையை அளவுமீறித் தவிர்ப்பது என்று அவர் பெயர் வைத்த இந்தக் குணத்துக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலோ இன்றுவரை தனி இடம் கிடையாது. இதைத் தனி நோயாக்குவதை ஆட்டிசம் உள்ள பெரியவர்களிலேயே சிலர் எதிர்க்கிறார்கள்; தன் வாழ்க்கை தன் கையில் இருக்கவேண்டும் என்று நினைப்பதற்கு நோய்ப் பெயர் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. வேறு சிலர், அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் நாங்கள் கெட்டவர்கள் இல்லை என்று தெரிந்தது என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

பிடிக்காததைத் தட்டிக் கழிக்கிறாள் என்றால் தெருவுக்கு அது எளிதில் புரிந்திருக்கும். விஷயம் அப்படி இல்லை. போன வாரம் முழுக்க அவள் கேட்டது காரக் கடலை. சனிக்கிழமை பாட்டியும் பேத்தியும் கடைக்கு வந்தார்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, சூடான கடலையை அள்ளிப் போட்டு, "இந்தாம்மா, புடி" என்று நீட்டினார் கடைக்காரர். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முகம் வெளுத்தது. "தாக் மாவ்", வேண்டாம் என்றாள் மலாயில். கண் மட்டும் கூம்பை விட்டு அகலவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷன், இன்னும் அன்பாக, "சும்மா வாங்கிக்கம்மா, ஒனக்குத்தானே?" என்று குனிந்தார். அவள் இரண்டடி பின்வாங்கிச் சடக்கில் கால் வைத்தாள். ஒரு மோட்டார் வளைந்து போயிற்று.

பாட்டி கூம்பை வாங்கினாள். வாங்கி, அஞ்சடியில் இருந்த தகர டின் மேல், எவருடையதும் இல்லை என்பதுபோல் சாய்த்து வைத்தாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி நல்லெண்ணெய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நல்லெண்ணெய் முடிந்து உளுந்து வந்தது. உளுந்து முடிந்து கடைக்காரரின் சம்பந்தி வீடு வந்தது. இடையில் ஒரு தடவையும் திரும்பவில்லை. கடலை இரண்டிரண்டாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் காகிதம் மட்டும் மிஞ்சியது. அந்தக் காகிதத்தையும் அவள் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"வேணும்னு கேட்ட புள்ளைதானே, அப்பறம் என்னா?" என்றார் கடைக்காரர்.

"காட்ல பால் மங்கு எடுக்கக் குனியறீங்க. சருகுக்குள்ள பாம்பு கெடக்கு. நில்லுடான்னு சொன்னா காலு நிக்குமா? அது பாட்டுக்குத் துள்ளுது இல்ல? இவளுக்கு யாராச்சும் ஒண்ணச் சொன்னாலே அப்படி. நல்லதச் சொன்னாலும் அப்படித்தான்."

பாம்பு அவள் கண்ட பாம்புதான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, பதினைந்து வயதில் உளி பிடித்தவள். பேராவுக்கும் கித்தா என்கிற ரப்பருக்கும் உள்ள உறவு பழையது: 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளில் தொடங்கியது, அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அந்த மரத்தின் வாரிசுகள் கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவே காடு காடாக நின்ற காலத்தில்தான் இவள் வேலைக்குப் போனாள். நாலு மணிக்கு மணி அடிக்கும். ஐந்துக்குள் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். கிராணி பேர் கூப்பிடுவார், மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். பேர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டு தொடங்கும். நாலைந்நூறு மரம். வெட்டி முடித்து, மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாத் தடியில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. எப்போது எழுவது, எப்போது குனிவது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பதில் அவள் தீர்மானித்தது ஒன்றும் இல்லை. 1960இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பணம் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் கண்டு, துண்டாடப்படவிருந்த சில தோட்டங்களையாவது காப்பாற்றினார். இவளுடைய தோட்டம் அதில் வரவில்லை. கைமாறி, கைமாறி, செம்பனையாகி, லயம் இடிக்கப்பட்டபோது கிளம்பி ஈப்போவுக்கு வந்தாள்.

தலைமுறை தலைமுறையாகப் பெரட்டில் நின்ற சனத்துக்குச் சொல்பேச்சு கேட்பதுதான் சோறு. அந்தச் சனம், அதுவும் ஒரு பெண் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பதை எப்படிப் பொறுக்கும்? வீட்டுக்கு வருகிற சொந்தங்கள் பொறுப்பதில்லை. பெரிய மாமன் வந்தால் இடுப்பு பெல்ட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். "நாலு போட்டா நாளைக்கே சரியாவும்." போட்டும் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிள்ளை வீட்டுக்குப் பின்னால் சாக்கடைக்குள் இறங்கி இருட்டும்வரை ஏறவில்லை. இன்னொரு சொந்தம் தஞ்சோங் ரம்புத்தான் என்று ஊர்ப் பேரை மட்டும் சொல்லி நிறுத்தும். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், ஈப்போ சனத்துக்கு அந்த ஊரின் பேரே ஒரு வசவு. பேத்தியின் காதில் விழும்படி அந்தப் பேரைச் சொன்ன அன்றைக்குத்தான் பாட்டி, வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினாள்.

இதையெல்லாம் வைத்து, கிழவி பிறவியிலேயே பொறுமைசாலி என்று எழுதினால் அவள் மகளே சிரிப்பாள். தன் பிள்ளைகளை விறகுக் கட்டையால் விளாசி வளர்த்தவள் அவள். மாறியது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு. அங்கே பயிற்சி கொடுக்கிற ஒரு மலாய்க்காரப் பெண், பிள்ளையை விட்டுவிட்டுப் பாட்டியையே கவனித்துக்கொண்டிருந்தாளாம். ஒரு மணி நேரத்தில் நீங்கள் எத்தனை தடவை "செய்" என்று சொன்னீர்கள் தெரியுமா என்று கேட்டாளாம். "எண்ணிக் காட்டுனா. எங்க மண்டோர்கூட அவ்வளவு சொன்னதில்ல" என்கிறாள் பாட்டி.

பிரிட்டனில் இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக இயங்கும் சங்கம் சொல்வதும் அந்த மலாய்ப் பெண் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான்: எதற்கு மல்லுக்கட்டுவது, எதை விட்டுத்தள்ளுவது என்று முதலில் பிரித்துக்கொள், பதற்றத்தைக் குறை, பேசி முடிவெடு, கேட்பதைக் கேட்பதுபோல் தெரியாமல் கேள், இன்று எடுபட்டது நாளை எடுபடாது, மாற்றிக்கொள். மற்ற ஆட்டிசப் பிள்ளைகளில் பலருக்கு உதவுகிற கறாரான நேர அட்டவணையும் பரிசு நட்சத்திரமும் இவர்களிடம் எதிராக வேலை செய்வதாகப் பெற்றோர்கள் பலர் சொல்கிறார்கள். பரிசு வைத்தால் அதுவும் ஓர் எதிர்பார்ப்புத்தானே. இந்த முறைகளை நிறுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. கைகண்டவர்களின் அனுபவம்தான் இப்போதைக்கு நிறைய.

பாட்டியின் கையிருப்பில் உள்ள பெரிய சரக்கு தோட்டத்துக் கதை. அதில் துரை வருவார். பேத்திக்குத் துரையைப் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, மடக்குக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள்.

"மொத நெரை யாரு?"

"நாந்தாங்க தொரை." பாட்டி எழுந்து கைகட்டி நிற்கிறாள்.

"ஏன் லேட்டு?"

"மழைங்க தொரை."

"மழையில பால் எடுக்க முடியாது. தெரியாதா? சம்பளம் இல்ல!"

பாட்டி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைக்கிறாள். நிஜத் துரை இப்படி நாற்காலியில் ஏறி நின்று பேசியதே இல்லையாம். ஜீப்பை விட்டு இறங்கவே மாட்டாராம். பிள்ளை அதைக் காதில் வாங்குவதில்லை. மற்ற நேரம் பிறர் சொல்லுக்கு மருண்டு மேசைக்கு அடியில் போகிற அந்தக் குரல், சொல்கிற இடத்தில் நிற்கும்போது வெண்கலமாகக் கணீரென்று வருகிறது. ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் பாட்டி பணிவாகக் கேட்டாள்: "தொரை பங்களாவுல குளிச்சிட்டு வர்ற வரைக்கும் நாங்க நிக்கணுங்களா, ஒக்காரணுங்களா?"

"நில்லு!"

சொல்லிவிட்டுத் துரை குளியலறைக்குள் போய்விட்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எழுபதைத் தாண்டிய, முட்டி தேய்ந்த அந்தப் பொம்பளை, பார்க்க ஆளில்லாத கூடத்தில், துரை வருகிறவரை நின்றுகொண்டேதான் இருந்தாள். உட்கார்ந்திருக்கலாம், கதவு சாத்தியிருந்தது.

மறு வாரம் அதே கேள்விக்குத் துரை, "இன்னிக்குத் தோட்டம் லீவு" என்றார். ஆட்டம் அன்றோடு பல நாளைக்குச் செத்துவிட்டது.

எல்லா நாளும் ஆட்டமாகவும் முடியாது. ஒரு வியாழக்கிழமை, ஓவர்டைம் பார்த்துவிட்டு ஒன்பதரைக்கு வந்த அம்மா, "சோறு ஆறுது, வந்து சாப்பிடு" என்றாள். பதில் இல்லை. எந்தத் தாயும் சொல்கிறதைத்தான் இரண்டாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறை குரல் உயர்ந்தது. அடுத்து தட்டு சுவரில் மோதியது. இந்தப் பக்கச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. பிறகு வந்த அலறலைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிறபோது அதில் கோபம் தேடினாலும் கிடைக்காது. நீச்சல் தெரியாமல் தண்ணீரில் விழுந்தவர்கள் போடுகிற கூச்சல் அது. பாட்டி டிவியை அணைத்தாள், விளக்கில் ஒன்றை அணைத்தாள், பின்கதவைத் திறந்துவைத்தாள், உடைந்த துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளினாள். மகளை நோக்கி உள்ளங்கையை மட்டும் காட்டினாள். அப்புறம் பிள்ளைக்கு முதுகைக் காட்டி, கைக்கு எட்டாத தூரத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டாள். அரை மணிக்கு மேல் அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அலறல் விம்மலாகி, விம்மல் நின்ற பிறகு சின்னக் குரல் ஒன்று வந்தது: "என் வாய்தான் வேணாம்னு சொல்லுது. நான் சொல்லல."

அன்றிரவு தாயும் மகளும் போட்ட சண்டைதான் பெரிது. தாழ்ந்த குரலில், வாசல் படியில். நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்றாள் மகள். இல்லை என்றாள் தாய். "நாளைக்கி நீ இல்லன்னா? உலகத்துல எவன் இவகிட்ட ஜாடையா பேசிக்கிட்டு இருப்பான்? சூப்பர்வைசர் பேசுவானா?" பாட்டியிடம் இதற்குப் பதில் இல்லை. சட்டத்திடமும் அரைகுறைப் பதில்தான்: 2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது, மீறினால் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை இருக்கிறது. வாசலைத் திறந்துவிடுவது வரை கொள்கை செய்யும். வகுப்பில் அவளை உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும். இவளுக்கு அப்படி ஓர் இளம் ஆசிரியை வாய்த்திருக்கிறாள். நட்சத்திர அட்டையில் தனக்கு விழுந்த நட்சத்திரங்களையே இவள் கிழித்துப்போட்ட பிறகு, டீச்சர் அட்டையைக் கழற்றிவிட்டாள். சிவப்புப் பேனாவைக் கொடுத்து, மற்ற பிள்ளைகளின் கணக்கைத் திருத்தச் சொல்லாமல், மேசையில் நோட்டுகளைப் பரப்பிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பன்னிரண்டு நோட்டு திருத்தியிருந்தது. ஒருவனுக்கு மட்டும், சரியான விடைக்கும் பெருக்கல் குறி. அவன் இவளை "சீக்கிரம் திருத்து" என்றானாம்.

அந்த வியாழனுக்குப் பிறகு வந்த ஞாயிறு, அம்மாவுக்கு வேலை இல்லை. பிள்ளையின் நகம் வளர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. திங்கட்கிழமை பள்ளியில் நகம் பார்க்கிற நாள். பாட்டி வேண்டுமென்றே கோயிலுக்குப் போய்விட்டாள். அம்மா தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நகவெட்டியைப் பக்கத்தில் போட்டாள். பேசத் தெரியவில்லை அவளுக்கு; பாட்டியின் சாமர்த்தியம் வரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடி, மறுபடி எடுத்து, கடைசியில் தன் கையைப் பார்த்து, "கம்பெனில சோல்டரிங் பண்ணிப் பண்ணி எனக்கே நகம் எல்லாம் கோணல்" என்றாள். அது உண்மை, தந்திரம் இல்லை.

பிள்ளை வந்து நகவெட்டியை எடுத்து அம்மாவின் நகத்தை வெட்ட ஆரம்பித்தாள். பத்தும். ஒரு விரலில் சதையோடு வெட்டி ரத்தம் வந்தது. அம்மா உஸ் என்று சொன்னாளே தவிரக் கையை இழுக்கவில்லை. முடிந்ததும், கேட்காமலே, தன் இடது கையை அம்மாவின் மடியில் போட்டாள். கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிரம், சுண்டு. அம்மா வலது கைக்குக் கண்ணைத் திருப்பிய மாத்திரத்தில் கை காணாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை வெட்டிய ஐந்து நகத்தோடுதான் போனாள். நகம் பார்த்தபோது இடது கையை மட்டும் நீட்டினாளாம். டீச்சர் இடது கையை மட்டும் பார்த்தாளாம். வலது கை அடுத்த ஞாயிறு என்று பேச்சு. அதற்குள் அம்மாவுக்கு நகம் வளரவேண்டும்.